மாடத்துக்கு ஒரு குடும்பம்

ஏதென்ஸ் நகராட்சி நாடக அரங்கின் பழைய புகைப்படம் ஒன்று இருக்கிறது. வசதியானவர்கள் உட்கார்ந்து நாடகம் பார்த்த மாடங்களில் அகதிகள் குடியிருக்கிறார்கள், மாடத்துக்கு ஒரு குடும்பமாக. 1922 செப்டம்பரில் ஸ்மிர்னா நகரம் (இன்று துருக்கியின் இஸ்மிர்) எரிந்து, கிடைத்த கப்பலில் ஏறித் தப்பி வந்த ஜனங்கள். பார்க்கும்போதெல்லாம் மனசு கனத்துவிடும்.

அடுத்த ஆண்டு கிரீஸும் துருக்கியும் சுவிட்சர்லாந்தின் லோசானில் ஒப்பந்தம் போட்டு மக்களையே மாற்றிக்கொண்டன. யார் எந்த நாட்டுக்கு என்பதை மதம் தீர்மானித்தது, மொழி அல்ல. சுமார் 12 லட்சம் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கு வந்து சேர்ந்தார்கள். 1928 கணக்கெடுப்பின்போது அந்த நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அகதி. வந்த இடத்தில் வரவேற்பு ஒன்றும் இல்லை. 'துருக்கி விதை', 'தயிரில் ஞானஸ்நானம் வாங்கினவன்' என்றெல்லாம் ஏசினார்கள்.

ஸ்மிர்னாவைப் பற்றிப் பெரிய அரங்குகளில் பெரிய செலவில் நாடகங்கள் நடக்கின்றன. தீ, துறைமுகம், அலறல். அவை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றில் ஊர் எப்படி அழிந்தது என்பதுதான் அதிகம் தெரிகிறது. அழிவதற்கு முன்னால் அந்த ஊரில் எப்படிச் சிரித்தார்கள், எதற்குச் சண்டை போட்டார்கள்? எனக்கு அதுதான் வேண்டும்.

அப்படியொரு சிரிப்பை நான் கண்டது மொமோயெரியாவில். கருங்கடல் ஓரத்துப் பொந்தோஸ் பகுதியிலிருந்து வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த தெருக்கூத்து என்றே சொல்லலாம். வட கிரீஸில் கொசானி வட்டாரத்து எட்டுக் கிராமங்களில் கிறிஸ்துமஸ் தொடங்கி ஜனவரி 5 வரை ஆடுகிறார்கள். கோல் பிடித்த ஆட்டக்காரர்கள் வரிசையாக வர, கூடவே மணப்பெண், கிழவி, கரடி, வைத்தியர் என்று வேஷக்காரர்கள். பெண் வேஷமும் ஆண்கள் போடுவதுதான் பழைய வழக்கம். வீடு வீடாகப் போய் ஆடிப் புத்தாண்டுக்கு வாழ்த்துச் சொல்வார்கள். 2016இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பட்டியலுக்கு முன்னால் பல தலைமுறை இதைச் சுமந்தது அந்தக் கிராமத்து ஜனங்கள்தான்.

பொந்தோஸ் சங்கங்கள் தங்கள் பேச்சுமொழியிலேயே மேடை நாடகமும் போடுகின்றன. ஏதென்ஸ்காரர் 'தென்' என்று மறுக்கும் இடத்தில் பொந்தோஸ்காரர் 'கி' என்பார். பழங்கிரேக்கத்திலிருந்து தேய்ந்து வந்த சொல் அது. ஒரு காலத்தில் வெளியில் பேசவே கூசிய மொழியை மேடையில் சத்தமாகப் பேசி, அரங்கம் முழுக்கச் சிரிப்பது சின்ன விஷயம் இல்லை. புரியாதவர்களுக்காக அந்தப் பேச்சைத் திருத்திப் பொதுக் கிரேக்கமாக்கினால் நாடகமே போச்சு.

ஒன்றே ஒன்றுதான் குறையாகப் படுகிறது. அதே ஒப்பந்தத்தால் கிரீஸிலிருந்து லட்சக்கணக்கான முஸ்லிம்களும் பெயர்த்தெடுக்கப்பட்டார்கள். கிரீட் தீவிலிருந்து போனவர்களில் பலருக்குக் கிரேக்கம்தான் தாய்மொழி. அவர்கள் விட்டுப்போன வீடுகள் பலவற்றில் இந்த அகதிகளே குடியேறினார்கள். பூட்டிக் கிடந்த அந்தக் கதவைத் திறக்கும் காட்சி இந்த மேடைகளில் இன்னும் நிறைய வர வேண்டும்.

இன்னொரு ஆசையும் உண்டு. முஸ்லிம்கள் என்பதால் வெளியேற்றப்படாமல் தங்கிவிட்டவர்கள் துருக்கியில், பழைய பொந்தோஸ் பகுதியின் டிராப்சோன் மலைக் கிராமங்களில் இருக்கிறார்கள். பொந்தோஸ் பேச்சின் நெருங்கிய உறவான ரொமேய்க்காவை அங்கே இன்னும் சிலர் பேசுகிறார்கள். கொசானி ஆட்டக்காரர்கள் ஒரு தடவை அந்த ஊர்களில் ஆட வேண்டும். முன்வரிசையில் உட்காரும் கிழவிகளுக்குப் பாதிக்கு மேல் புரியும் என்று நினைக்கிறேன்.