கியூபாவின் இரண்டு பதவிகள்: ஒரு சின்னத் திருத்தம்

கியூபாவில் காஸ்ட்ரோ காலம் போலவே இன்றும் நாட்டின் தலைவரும் அரசாங்கத்தின் தலைவரும் ஒரே ஆள்தான் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். 2019 வரை அது சரிதான். 1976 அரசியலமைப்பில் அரசுக் கவுன்சிலின் (நாடாளுமன்றம் கூடாத நாட்களில் அதன் சார்பில் செயல்படும் குழு) தலைவரே நாட்டின் தலைவர், அமைச்சரவைக்கும் அவரே தலைவர். ஃபிடல் காஸ்ட்ரோ, அப்புறம் அவர் தம்பி ராவுல், இருவரும் அப்படித்தான் இருந்தார்கள். எங்கள் சித்தூர் பக்கம் சுவரில் ஃபிடல் படத்தைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு அந்த ஏற்பாடுதான் மனதில் நிற்கும்.

2019 ஏப்ரல் 10 அன்று நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பு அதைப் பிரித்துவிட்டது. குடியரசுத் தலைவர் நாட்டின் தலைவர். பிரதமர் அரசாங்கத்தின் தலைவர். அந்த டிசம்பரில் மனுவேல் மரேரோ பிரதமரானார். குடியரசுத் தலைவர் தியாஸ்-கனேல். அரசுக் கவுன்சிலுக்குத் தலைவர் இப்போது தேசிய சபையின், அதாவது நாடாளுமன்றத்தின், தலைவர். இதனால் அதிகாரம் சிதறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. கம்யூனிஸ்ட் கட்சியே வழிநடத்தும் சக்தி என்று 5ஆம் பிரிவு அப்படியே சொல்கிறது. குடியரசுத் தலைவரும் நம் ஆளுநர் மாதிரி பெயரளவுப் பதவி அல்ல.

சரிபார்ப்பது எளிது. கியூபா அரசியலமைப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 125ஆம் பிரிவையும் 140ஆம் பிரிவையும் மட்டும் படியுங்கள், இரண்டும் ஒற்றை வரிதான். எடுக்கும் பிரதி 2019க்குரியதா என்று முதலில் பாருங்கள். 1976 பிரதியும் இணையத்தில் சுற்றுகிறது, நண்பர் பார்த்தது அதுவாக இருக்கலாம்.