சிரிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் பாருங்க சார்

ஐரோப்பா டூர் போன ஒருத்தர் அங்கே மியூசியத்துச் சிற்பங்களையும் ஓவியங்களையும் கிண்டலடித்துப் போட்ட அந்த வீடியோவை எனக்கு இன்னும் அனுப்பாதவர்கள் யாராவது மிச்சம் இருந்தால், தயவுசெய்து அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன், முழுசாகவே பார்த்தேன். எகிப்துச் சிற்பம் முன்னால் நின்று தோளை ஒரு பக்கமும் காலை ஒரு பக்கமும் திருப்பி நடந்து காட்டியது, பழைய ஓவியத்தில் மாதா மடியில் இருக்கிற குழந்தை இயேசுவைப் பார்த்து "பொறக்கும்போதே பென்ஷன் வாங்குற வயசு" என்றது, கடைசியில் அந்தப் பெரிய சிவப்பு ஓவியத்தின் முன்னால் "இதையே எங்க வீட்டு வாண்டு சுவத்துல கிறுக்கி அடி வாங்கினான்" என்றது, எல்லாம் பார்த்தாயிற்று. பென்ஷன் ஜோக்குக்கு நானும் சிரித்தேன். நகைச்சுவை உணர்வு இல்லாத ஜென்மம் என்று யாரும் எழுத வேண்டாம்.

என் எரிச்சல் வீடியோ மேல் அல்ல, அதற்குக் கீழே வந்த கமெண்ட்கள் மேல். "கலைன்ற பேர்ல ஏமாத்து வேலை", "காலம் காலமா நம்மள முட்டாளாக்குறானுங்க" என்று, நான் மதிக்கிற நண்பர்கள் உட்பட ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். நான் பணிவாகத்தான் இரண்டு வரி போட்டேன். உடனே வந்த பதில்: "வந்துட்டாருய்யா பிக்காசோ." அதற்கு அறுபது பேர் ஹாஹா. போகட்டும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு படம் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. புரியவில்லை என்று சொல்லுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. ஆனால் முழுசாக ஒரு நிமிடம்கூட நின்று பார்க்காமல் "இதில் ஒன்றுமே இல்லை" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். கண் இருக்கிற எல்லோருக்கும் பார்க்கத் தெரியும் என்பது நம் நினைப்பு. அப்படி இல்லை. பழகித்தான் வர வேண்டும்.

நம் சினிமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மாம்பலம் பஸ் ஸ்டாப்பில் கண்ணை மூடுகிற ஹீரோ சுவிட்சர்லாந்துப் பனியில் கண்ணைத் திறக்கிறான். பாட்டு முடிவதற்குள் ஆறு சட்டை மாற்றிவிடுகிறான். "விசா எப்போ எடுத்தான்?" என்று நம்மில் யாராவது கேட்டோமா? கேட்க மாட்டோம், ஏனென்றால் அந்த விதி நமக்கு மூன்று வயதிலிருந்தே தெரியும். அந்த விதி தெரியாத வெள்ளைக்காரன் சிரித்தால் மட்டும் நமக்குச் சுருக்கென்று தைக்கிறது.

எகிப்துக்காரனுக்கும் அவன் விதி இருந்தது. முகம் பக்கவாட்டில், கண் நேராக, தோள் நேராக, கால் மறுபடி பக்கவாட்டில். மனிதன் அப்படி நிற்க மாட்டான் என்பது அவனுக்குத் தெரியாதா? கல்லறைச் சுவரில் இருக்கிற உருவம் இறந்தவருக்குப் பயன்பட வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் உடம்பின் ஒவ்வொரு பாகத்தையும் எந்தக் கோணத்தில் முழுசாகத் தெரியுமோ அந்தக் கோணத்தில் வைத்தார்கள். சுவரில் கட்டம் போட்டு, நிற்கிற மனிதன் என்றால் உள்ளங்காலிலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம் வரை 18 கட்டம் என்று கணக்கு வைத்து வரைந்தார்கள். வரையத் தெரியாதவன் இந்தப் பாடு படமாட்டான். அந்தப் பென்ஷன் குழந்தையும் அப்படித்தான். மத்திய கால ஓவியன் கொழுகொழு பாப்பாவை வரைய உட்காரவில்லை. மடியில் இருந்தாலும் எல்லாம் அறிந்த தெய்வம் என்று காட்ட வேண்டும், அதனால் பெரியவர் முகம். பிடிக்காவிட்டால் விடுங்கள். தெரியாமல் வரைந்துவிட்டான் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இந்தச் சிரிப்பை நாமும் வாங்கியிருக்கிறோம். 1910 ஜனவரியில் லண்டனில் ஒரு கூட்டம். சென்னை ஓவியப் பள்ளிக்கு ஒரு காலத்தில் தலைமை வகித்த ஹாவெல் இந்தியக் கலை பற்றிப் பேசுகிறார். தலைமை தாங்கிய ஜார்ஜ் பேர்ட்வுட், ஜாவாவின் தியான புத்தர் படம் ஒன்றைக் காட்டி, ஆன்ம அமைதிக்கு அடையாளம் வேண்டுமென்றால் கொழுப்பு போட்டு வேகவைத்த புட்டிங்கே போதும் என்கிற மாதிரி பேசினார். இவர் ஒன்றும் விவரமில்லாத ஆள் இல்லை. பெல்காமில் பிறந்தவர், இந்தியக் கைவினைகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். துணியையும் நகையையும் ரசிக்கத் தெரிந்த அதே மனிதருக்குப் புத்தர் புட்டிங்காகத் தெரிந்தார். இதைப் படித்தால் நமக்கு ரத்தம் கொதிக்கிறதல்லவா? அதே வேலையை நாம் எகிப்துக்குச் செய்தால் மட்டும் ஹாஹா.

அடுத்த சில வருடங்களிலேயே, 1913இல், பிரெஞ்சுச் சிற்பி ரோடின் நம் நடராஜரைப் பற்றி எழுதினார். எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறதே, அந்தத் திருவாலங்காடு நடராஜர். ரோடின் இந்தியாவுக்கு வந்ததே கிடையாது. புகைப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, முன்பக்கம், பக்கவாட்டு, கை, கால் என்று அங்கம் அங்கமாகப் பார்த்து எழுதினார். சைவ சித்தாந்தம் படித்தவர் இல்லை, ஆனாலும் நின்று பார்த்தார்.

எழும்பூர் என்றதும் என் பெரியம்மா ஞாபகம் வருகிறது. ஒருமுறை அவரை அங்கே கூட்டிப்போனேன். வெண்கலச் சிலைகள் இருக்கிற இடத்தில் நுழைந்ததும் செருப்பைக் கழற்றப் போனார், நான்தான் வேண்டாம் என்றேன். "என்னடா இது, ஒரு வஸ்திரம்கூட சாத்தாம நிக்க வெச்சிருக்காங்க" என்று முதலில் முகம் சுளித்தார். கோயிலில் பட்டுக்கும் மாலைக்கும் நடுவே முகம் மட்டும் பார்த்துப் பழகியவர். அப்புறம் மெதுவாகப் பக்கவாட்டுக்கு நகர்ந்தார், இன்னும் கொஞ்சம் பின்னால் போனார். நடராஜரின் முதுகை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஊன்றிய காலில் மொத்த எடையும் இறங்கியிருக்கிறது, அதற்கு மேல் இடுப்பு லேசாக ஒரு பக்கம் சாய்கிறது, முதுகுத்தண்டின் பள்ளம் அந்தச் சாய்வோடேயே வளைந்து போகிறது. "ஆடுறாருடா, நிஜமாவே ஆடுறாரு" என்றார். பிறகு நவீன ஓவியங்கள் இருக்கிற பக்கம் போனோம். ஒரு படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் பிடிபடல, நீ சொல்லு" என்று பெஞ்சில் உட்கார்ந்தார். ஐந்தாவது வரை படித்தவர். ஏமாத்து வேலை என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

இப்போது வருவார்கள், தெரியும். "கலை என்றால் பார்த்ததுமே மனசைத் தொட வேண்டும், விளக்கம் சொல்லிப் புரிய வைப்பது என்ன கலை?" தொடுவதெல்லாம் ஏற்கெனவே பழகியதுதான் ஐயா. திருக்குறளுக்கு உரை வாங்கி வைத்திருக்கிற வீட்டிலிருந்து வரக்கூடாத கேள்வி இது.

"இதெல்லாம் மேட்டுக்குடி ரசனை." இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கேலரிக்குள் நுழைந்தால் செக்யூரிட்டி முதல் ஓவியர் வரை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். சுவரில் ஒட்டியிருக்கிற விளக்கச் சீட்டைப் படித்தால் இருந்த தெளிவும் போய்விடுகிறது. இதற்கெல்லாம் அவர்களைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் நவீன ஓவியமே பணக்காரன் விளையாட்டு என்றால், சென்னை ஈசிஆர் பக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமம் போய்ப் பாருங்கள். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணி (மெழுகு பூசிச் சாயம் தோய்க்கிற துணி) செய்து விற்று, அந்தக் காசில் கடற்கரை மணலில் நிலம் வாங்கி உட்கார்ந்த இடம் அது. யாரை ஏமாற்றினார்கள்?

"அப்போ அந்த வாழைப்பழம்?" ஆமாம், 2024இல் டேப் போட்டு சுவரில் ஒட்டிய வாழைப்பழம் 62 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. எனக்கும் எரிச்சல்தான். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு பழத்தைக் காட்டி நாலாயிரம் வருடத்தையும் குப்பையில் போடாதீர்கள் என்றுதான் கெஞ்சுகிறேன்.

நம்மைச் சொல்லியும் குற்றமில்லை. யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எங்கள் பள்ளியில் டைம்டேபிளில் ஓவியம் என்று ஒரு பீரியட் இருந்தது. போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு வாத்தியார் அதில் வந்து நிற்பார். ஓவிய வாத்தியார் ஸ்டாஃப் ரூமில் ரிப்போர்ட் கார்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருப்பார். அபூர்வமாக வகுப்புக்கு வந்தால் மாம்பழம், அல்லது இரண்டு மலைக்கு நடுவே சூரியன். ஒரு படத்தை எப்படிப் பார்ப்பது என்று பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் ஓவியங்களுக்கு மேலேயே நாயக்கர் காலத்தில் வேறு ஓவியம் தீட்டிவிட்டார்கள். அடியில் சோழர் ஓவியம் இருப்பது 1931இல் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி பார்த்துச் சொன்ன பிறகுதான் வெளியே வந்தது. அங்கே அடியிலாவது பிழைத்துக் கிடந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோயிலில் மண்டபத்து விதானம் முழுக்கப் பழைய ஓவியம் உண்டு. காவிச் சிவப்பில் வரிசை வரிசையாக ஆட்கள், ஒவ்வொரு வரிசைக்குக் கீழேயும் தமிழில் எழுத்து. கும்பாபிஷேகத்துக்கு முன்னால் சுரண்டி எடுத்துவிட்டு, மேலே வெளிர் மஞ்சள் டிஸ்டெம்பர் அடித்துவிட்டார்கள். ஏன் சார் என்று கேட்டதற்குக் கமிட்டிக்காரர் சந்தோஷமாகச் சொன்னார்: "ஒரே அழுக்கா இருந்துச்சு தம்பி. அதுல ஒண்ணும் இல்ல. இப்ப பாருங்க, எவ்வளவு வெளிச்சமா இருக்கு."

அவரோடு சண்டை போட எனக்கு வாய் வரவில்லை. நல்ல மனிதர், சொந்தக் காசில்தான் பெயின்ட் வாங்கிக் கொடுத்திருந்தார். அவருடைய ஓவிய வகுப்பையும் கணக்கு வாத்தியார்தான் எடுத்திருப்பார்.