மூளை அலையை அளக்கும் பட்டி யாருக்கு வேண்டும்?

தலையில் பட்டிபோல் அணிந்து, மூளையின் மின்னலைகளைக் கைபேசியில் பார்க்கும் கருவிகள் இப்போது இணையத்தில் எவரும் வாங்கக்கூடியனவாகிவிட்டன. இலங்கையின் மலையகத் தோட்டங்களில் இவை யாருக்கு உதவும், யாரை நெருக்கும் என்பதை நாம் இப்போதே பேசியாக வேண்டும்.

உதவி தேவைப்படுவோர் இருக்கிறார்கள். வலிப்பு வந்த பிள்ளையின் கையில் இரும்புத் திறப்பைத் திணித்துவிட்டு நேர்த்தி வைக்கும் வழக்கம் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இன்னும் ஓயவில்லை. வைத்தியரை நாடும் குடும்பமோ மூளையலையைப் பதியும் ஈ.ஈ.ஜி. பரிசோதனைக்காக ஒரு நாள் பெயரை, அதாவது அன்றைய சம்பளத்தை, இழந்து கண்டிக்குப் பஸ் ஏறுகிறது. அங்கே அரை மணி நேரம் எடுக்கும் பதிவில் மூளை அமைதியாக இருந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. அதற்காக நோய் இல்லை என்றும் ஆகிவிடாது. வீட்டில் உறங்கும்போதும் நாட்கணக்கில் பதியக்கூடிய, மருத்துவத் தரத்தில் சோதிக்கப்பட்ட கருவி எங்கள் பிரதேச வைத்தியசாலைகளுக்கு வருமானால் மனமார வரவேற்பேன்.

விளம்பரத்தில் வரும் பட்டி அத்தகையதல்ல. மண்டையோட்டைத் தாண்டி வரும் மூளையலை மிக நுண்ணியது. கண்ணைச் சிமிட்டினாலும் பல்லைக் கடித்தாலும் அதைவிடப் பெரிய அலை எழும். வைத்தியசாலையில் தலை முழுவதும் ஏறத்தாழ இருபது மின்வாய்களைப் பசை தடவி ஒட்டுகிறார்கள். மியூஸ் போன்ற பட்டியில் நெற்றியிலும் காதுகளின் அருகிலுமாகப் பதிவெடுப்பவை நான்குதான். இதை வைத்துப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் கவனத்துக்குப் புள்ளி போடுவதை என்னால் ஏற்க முடியாது. சீனாவில் ஓர் ஆரம்பப் பாடசாலை மாணவர்களுக்கு இத்தகைய பட்டிகளை அணிவித்தது. 2019இல் எழுந்த கடும் எதிர்ப்பால் அதைக் கைவிட்டது.

பெரியவர்களும் தப்பமாட்டார்கள். சுரங்க லொறிச் சாரதிகளின் களைப்பை அறிய மூளையலை பார்க்கும் தொப்பிகள் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளன. சாரதியின் உயிரைக் காக்கத்தான் அவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் கொழுந்து நிறுவையில் குறைந்தால் அரைப்பெயர் (அரை நாள் சம்பளம்) விழும் இடத்தில், தேயிலைத் தொழிற்சாலையின் இரவு வேலைக்காரர் தலையிலும் ஒரு நிறுவை ஏறினால், அதன் கணக்கு யார் கையில் இருக்கும்?

சிலி நாடு 2021இல் மூளைச் செயற்பாட்டையும் அதிலிருந்து பெறும் தகவலையும் அரசியலமைப்பிலேயே பாதுகாத்தது. 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முன்னாள் செனட்டர் கீடோ ஹிரார்டியின் மூளைத் தரவை அழிக்குமாறு, மூளையலைக் கருவிகளை விற்கும் எமோடிவ் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. எங்கள் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவுக்கும் சிறுவர் தரவுக்கும் தனிக் கவனம் தருகிறது. மூளைத் தரவும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட வேண்டும். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். மறுப்பவரின் ஒரு நாள் பெயர்கூட வெட்டப்படக் கூடாது என்று தொழிற்சங்கங்கள் நிர்வாகங்களுடனான அடுத்த பேச்சிலேயே எழுதி வாங்க வேண்டும்.