இரண்டு முறை போதும்

சட்டமன்ற உறுப்பினர் பதவிக்கு இத்தனை முறைதான் என்று வரம்பு வைக்கக் கூடாது என்று எழுதியிருக்கும் உங்களுக்கு இது என் பதில். சென்ற வாரம் ஒரு கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்ட இளைஞரை, "தம்பி, நீங்கள் பிறப்பதற்கு முன்பே ஐயா சட்டமன்ற உறுப்பினர்" என்று சொல்லி உட்காரவைத்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அரங்கமே கைதட்டியது. அந்தக் கைதட்டல் எனக்கு இன்னும் ஆறவில்லை. இத்தனை ஆண்டுகளாக ஒருவரே அந்த இடத்தில் இருக்கிறார் என்பது கேள்விக்குப் பதில் ஆகாது. கேள்வி எழுந்ததே அதனால்தான்.

தொடர்ந்து இரண்டு முறை, அதாவது பத்து ஆண்டுகள், ஒருவர் சட்டமன்ற உறுப்பினராக இருந்தால் போதும். அடுத்த தேர்தலிலாவது விலகி நிற்க வேண்டும். இதைக் கட்சித் தலைமையின் விருப்பத்துக்கு விடாமல் சட்டமாக்க வேண்டும். அரசமைப்பின் 191ஆம் பிரிவு உறுப்பினர்களின் தகுதியிழப்புக்குச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கே தந்திருக்கிறது என்பதால், கேட்க வேண்டிய இடமும் அதுதான்.

தெரிந்த முகம் இல்லாவிட்டால் தொகுதி கைவிட்டுப் போய்விடும் என்பவர்கள் கேரளத்தைப் பார்க்கட்டும். 2021இல் மார்க்சிஸ்ட் கட்சி, தொடர்ந்து இரண்டு முறை வென்றவர்களுக்கு மீண்டும் வாய்ப்பில்லை என்று முடிவெடுத்து, நிதியமைச்சராக இருந்த தாமஸ் ஐசக்கையே நிறுத்தவில்லை. இடது முன்னணி 140 இடங்களில் 99ஐ வென்றது. ஆனாலும் கட்சி வகுத்த விதியைக் கட்சியே தளர்த்திக்கொள்ள முடியும். அதனால்தான் சட்டம் வேண்டும் என்கிறேன்.

அனுபவம் வீணாகிவிடும் என்கிறார்கள். என் சித்தப்பா எங்கள் ஊராட்சி மன்றத் தலைவராக இருந்தவர். சுழற்சி முறையில் அந்தப் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, முணுமுணுக்காமல் விலகினார். புதிதாக வந்த அக்காவுக்கு எந்த மோட்டார் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் தருகிறது என்பது முதல் கணக்குப் புத்தகம் வரை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அன்று அவருடைய அனுபவம் வீணாகிறதே என்று எந்தத் தலைவரும் வருந்தவில்லை. ஊராட்சித் தலைவர் விலகினால் அது சமூகநீதி, சட்டமன்ற உறுப்பினர் விலகினால் மட்டும் நாட்டுக்கு இழப்பா?

உறுப்பினர்கள் அடிக்கடி மாறினால் அதிகாரிகளின் கை ஓங்கிவிடும் என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கீழவைக்கு ஆறு ஆண்டு வரம்பு இருந்தது. 2022இல் அங்குள்ள வாக்காளர்கள் அதை, இரு அவைகளுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு ஆண்டுகள் என்று மாற்றினார்கள். குறையைத் திருத்தினார்களே தவிர, வரம்பை ஒழிக்கவில்லை.

"அப்படியானால் கலைஞரை அனுப்பியிருப்பீர்களா?" என்று உடனே கேட்பீர்கள். 1957 முதல் 2016 வரை பதின்மூன்று முறை நின்று ஒருமுறைகூடத் தோற்காதவர் அவர். நான் மதிக்கும் சாதனை அது. ஆனால் 1957இல், தி.மு.க. சந்தித்த முதல் தேர்தலில், குளித்தலையில் நின்றபோது அவருக்கு வயது 32. அன்று புதியவருக்கு இடம் இருந்தது. இன்று அந்த வயதில் இருப்பவர்களுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலையும் வாக்குச்சாவடி முகவர் வேலையும்தான் மிஞ்சுகின்றன.

மக்கள்தானே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பவர்களுக்கு: மக்களுக்கு முன்பே கட்சி தேர்ந்தெடுத்துவிடுகிறது. விருப்ப மனுவுக்குப் பணம் கட்டிவிட்டுப் பட்டியலில் தங்கள் பெயரைத் தேடி ஏமாந்தவர்கள் என் நண்பர்களிலேயே இருக்கிறார்கள். கட்சி மாறாமல், கோபித்துக்கொள்ளாமல், அடுத்த தேர்தலிலும் அதே வேட்பாளருக்காக வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். அவர்களைப் பார்த்து "இன்னும் பக்குவம் வரவில்லை" என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

வரம்பு வைத்தால் மகனையோ மருமகளையோ நிறுத்துவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வரம்பே இல்லாத இன்றும் அதைத்தானே செய்கிறார்கள்? அதைத் தடுக்க வேறு சட்டம் வேண்டுமென்றால் அதையும் சேர்ந்தே கேட்போம்.