யாழ்ப்பாண வாக்காளர் யாரைத் தண்டித்தார்?

2024 நவம்பர் 14ஆம் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தென்னிலங்கைக் கட்சியான தேசிய மக்கள் சக்தி வென்றபோது, தமிழ் மக்கள் தமது உரிமைக் கோரிக்கையைக் கைவிட்டுவிட்டார்கள் என்று எம்மவர் பலர் வருந்தினார்கள். ஆறு மாதம் கழியுமுன்னரே, 2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சி வடக்கில் மீண்டும் முன்னிலைக்கு வந்ததும், மக்கள் மனந்திரும்பிவிட்டார்கள் என்று மகிழ்ந்தார்கள். இரண்டு முடிவும் பிழையானவை என்றே நான் கருதுகிறேன். வாக்காளர் இந்தக் காலம் முழுவதும் ஒரே விடயத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்: என்னால் தெரிவுசெய்யப்பட்டவர் என் அலுவலைப் பார்த்தாரா?

2015இல் தமிழரசுக் கட்சி தலைமையிலான தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு யாழ்ப்பாண மாவட்டத்தில் கிடைத்த வாக்குகள் 207,577, ஆசனங்கள் ஐந்து. 2020இல் வாக்குகள் 112,967 ஆகவும் ஆசனங்கள் மூன்றாகவும் குறைந்தன. 2024இல் தமிழரசுக் கட்சி 63,327 வாக்குகளுடன் ஓர் ஆசனத்தையே பெற்றது. கடைசித் தேர்தலில் பழைய பங்காளிக் கட்சிகள் தனித்துப் போட்டியிட்டதால் இந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாதுதான். ஆனால் பெரிய சரிவு நிகழ்ந்தது பங்காளிகளில் பெரும்பாலோர் இன்னும் ஒன்றாயிருந்த 2015க்கும் 2020க்கும் இடைப்பட்ட காலத்தில். தேசிய மக்கள் சக்தியின் தலைவர் அநுர குமார திசாநாயக்கவை இங்கே அதிகம் பேர் பொருட்படுத்தாத காலம் அது. ஆகவே, தெற்கிலிருந்து வந்த அலை எமது வாக்குகளை அள்ளிச் சென்றது என்ற விளக்கம் போதாது.

அந்த ஐந்து ஆண்டுகளில் என்ன நடந்தது? 2013இல் 38 ஆசனங்களில் 30ஐக் கூட்டமைப்புக்கு அளித்து மக்கள் உருவாக்கிய வடக்கு மாகாண சபை, 2017 யூனில் முதலமைச்சர் மீது அவருடைய அணியினரே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கையளிக்கும் நிலைக்கு வந்தது. 2018 ஒக்ரோபரில் அதன் பதவிக்காலம் முடிந்தபோது, வீதியில் இறங்கி அதற்காக வருந்தியவர்களை நான் காணவில்லை. அதிகாரம் போதாது என்ற சபை உறுப்பினர்களின் முறைப்பாட்டில் நியாயம் உண்டு. ஆளுநரும் மத்திய அரசும் போட்ட தடைகளை மறுப்பவனல்ல நான். ஆனால் சுன்னாகத்துக் கிணறுகளை நினைத்துப் பாருங்கள். மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்துவிட்டது என்று வலிகாமத்துச் சனங்கள் பதறியபோது, அவர்கள் கேட்டது இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா, கூடாதா என்ற ஒரு கேள்விக்கான தெளிவான பதில். மாகாண சபை நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. அதன் அறிக்கை அச்சத்தைத் தீர்ப்பதற்குப் பதிலாகப் புதிய சர்ச்சையைக் கிளப்பியது. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவைத் தொடுத்தவர் தென்னிலங்கைச் சுற்றாடல் ஆர்வலர் ஒருவர். 2019இல் மின் உற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. எமது வாக்கைப் பெற்றவர்கள் எமக்காகத் தொடுத்திருக்க வேண்டிய வழக்கு அது. அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

2024 யூலையில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையின் குறைகளைப் பற்றி முகநூல் நேரலையில் பேசிய வைத்தியர் இராமநாதன் அர்ச்சுனாவுக்குப் பின்னால் தென்மராட்சி மக்கள் திரண்டார்கள். நான்கு மாதங்களில் அவர் சுயேச்சையாகப் பாராளுமன்றம் சென்றார். அவருடைய பேச்சிலும் நடத்தையிலும் எனக்கு உடன்பாடில்லாதவை நிறைய உண்டு. ஆனாலும் ஒரு வைத்தியசாலையின் குறையை யாரோ ஒருவர் உரத்துச் சொன்னதற்கே மக்கள் ஓர் ஆசனத்தைக் கொடுத்தார்கள் என்றால், அதுவரை அந்தக் குறையைக் கேட்க அங்கே ஆளே இருக்கவில்லை என்பதுதானே பொருள்?

உரிமை அரசியல் பேசினால் வீதியும் வைத்தியசாலையும் பின்தள்ளப்படத்தான் செய்யும் என்று சொல்பவர்களுக்கு மட்டக்களப்பு பதில் சொல்லும். அதே 2024 தேர்தலில், அதே தமிழரசுக் கட்சி, அங்கே ஐந்து ஆசனங்களில் மூன்றை வென்றது. மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்களின் மேய்ச்சல் தரைப் பிரச்சினையைக் கட்சியின் மட்டக்களப்பு உறுப்பினர் சாணக்கியன் பாராளுமன்றத்தில் விடாமல் எழுப்பியதை அந்த மாவட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. மாட்டுக்காரரின் வயிற்றுப்பாடும் தமிழரின் நில உரிமையும் அங்கே ஒரே கோரிக்கையாக இருந்தன. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருக்கும் உரிமைக் கோரிக்கை என்பது அன்றாடத் துயரம். தேர்தல் மேடைக்கு மட்டும் எடுத்து வைக்கப்படும் கொள்கையல்ல.

தேர்தல் முறைக்கும் இதில் பங்குண்டு. முன்பு யாழ்ப்பாணத்தில் தொகுதிக்கு ஓர் உறுப்பினர் இருந்தார். 1970இல் வட்டுக்கோட்டையில் அமிர்தலிங்கமும் யாழ்ப்பாணத்தில் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் தோற்றார்கள், அத்தனை பெரிய தலைவர்களையும் அவரவர் தொகுதி மக்களே வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. 1989 முதல் விகிதாசாரமும் விருப்பு வாக்கும் வந்தபின், நெடுந்தீவு முதல் கிளிநொச்சி வரை எல்லாரும் எல்லாருக்கும் பிரதிநிதிகள். அதனால் எந்த ஊருக்கும் குறிப்பாக யாரும் பொறுப்பில்லை. தன் கட்சிக்காரரே விருப்பு வாக்கில் போட்டியாளராகிவிடுவதால், ஊருக்குச் செலவிட வேண்டிய வலுவில் பாதி உட்பகையில் கரைகிறது. 2024 ஜனவரியில் நடந்த தமிழரசுக் கட்சியின் தலைவர் தெரிவு நீதிமன்றம் வரை சென்றதை ஊரே பார்த்தது.

மக்களின் அலுவலைப் பார்க்காத இதே தவற்றுக்குத் தேசிய மக்கள் சக்தியும் விலை கொடுத்தது. யாழ்ப்பாணத்தில் 80,830 வாக்குகளையும் மூன்று உறுப்பினர்களையும் பெற்ற கட்சியின் அரசாங்கம், 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானி மூலம் வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு மூன்று மாதத்துக்குள் உரிமையை நிறுவுமாறு கோரியது. இடம்பெயர்வில் காணி உறுதிகளைத் தொலைத்தவர்களும் வெளிநாட்டில் வாழும் உரித்தாளர்களும் உள்ள மண்ணில் அந்தக் காலக்கெடு என்ன செய்யும் என்பதை அவர்களுடைய உறுப்பினர்கள் கொழும்புக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். எதிர்ப்பு வலுத்தபின் அறிவித்தல் மீளப் பெறப்பட்டது. ஆனால் அதற்குள் மே 6 வந்து போய்விட்டது.

ஆகவே, இப்போது உள்ளூராட்சிச் சபைகளைப் பொறுப்பேற்றிருக்கும் தமிழரசுக் கட்சிக்கும் ஏனைய கட்சிகளுக்கும் ஒரு கோரிக்கை. காங்கேசன்துறை, கோப்பாய், உடுப்பிட்டி, ஊர்காவற்றுறை என யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 11 தேர்தல் தொகுதிகள் இன்றும் வாக்கெண்ணும் பிரிவுகளாக இருக்கின்றன. இன்ன தொகுதிக்கு இன்னார் பொறுப்பு, மாதத்தில் இன்ன நாளில் இன்ன இடத்தில் மக்களைச் சந்திப்பார், சென்ற மாதம் வந்த முறைப்பாடுகளில் இவை தீர்ந்தன, இவை தீரவில்லை என்று ஒவ்வொரு கட்சியும் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, கொழும்பின் அனுமதியும் தேவையில்லை. மாகாண சபைத் தேர்தல் அறிவிக்கப்படும்வரை இதற்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை.