என் ஸ்பான்சர் மாலை போடுகிறவர்

போன ஞாயிறு ஆராதனை முடிந்து பைக் எடுக்கப் போனேன். சபைத் தம்பி ஒருவன் ஓரமாகக் கூப்பிட்டான். குடியை விட்டு 26 நாள் ஆகிறது. ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு) மீட்டிங்குக்கு ஒழுங்காகப் போகிறான். "அண்ணே, ஸ்பான்சர் எடுத்துக்கோன்னு சொல்றாங்க. எனக்கு மனசுக்குப் பட்டவரு ஒரு பாய். காசிமேட்டுல மீன் ஏலக் கணக்கு பாக்குறாரு. 17 வருஷமா தொடல. வீட்டுல சொன்னா, விசுவாசி இல்லாதவரோட சேர்றது அந்நிய நுகம்ங்கிறாங்க. என்னண்ணே பண்றது?"

அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். பின்னால் ஹெல்மெட்டை மாட்டாமல் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், காது எங்கள் பக்கம். அதனால் இங்கே எழுதுகிறேன். (இந்த முகநூல் கணக்கில் என் முழுப் பெயரும் படமும் ஏன் இல்லை என்று கேட்கிறவர்களுக்கு: ஏ.ஏ.வின் பதினோராவது மரபு, பொதுவெளியில் முகம் காட்டாதே என்கிறது. பத்திரிகை, ரேடியோ, சினிமா என்றுதான் அன்றைக்கு எழுதினார்கள். இன்றைக்கு முகநூலும் அதில் சேர்த்திதான்.)

ஸ்பான்சர் என்றால் கிரிக்கெட் டீமுக்குப் பணம் கொடுக்கிறவர் இல்லை. உனக்கு முன்னால் குடியை விட்டவர், குடியை விட ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளையும் நடந்து பார்த்தவர், உன்னைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவர். அந்தச் சொல் வந்த கதையே எனக்குப் பிடிக்கும். ஆரம்ப காலத்தில் அமெரிக்காவில் அக்ரனிலும் நியூயார்க்கிலும் சில ஆஸ்பத்திரிகள் குடிநோயாளி என்றே பேர் எழுதி ஆளைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தன. ஒரே நிபந்தனை, ஏற்கெனவே குடியை விட்ட ஒருவர் வந்து இவனுக்கு நான் பொறுப்பு என்று சொல்ல வேண்டும். அவர்தான் ஸ்பான்சர். நம்ம ஊர்க் கணக்கில் ஜாமீன்தாரர். ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவரிடம் சொத்து இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். இங்கே சொத்து என்பது அவர் குடிக்காமல் இருக்கும் நாட்கள்.

என் ஜாமீன்தாரர் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். நெற்றி நிறையத் திருநீறு. கார்த்திகை பிறந்தால் கறுப்பு வேட்டி, துளசி மணி மாலை. சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்ட் சபைக் குடும்பத்தில் பிறந்து, பாடகர் குழுவில் டெனர் பாடின எனக்கு இவரா? முதல் மூன்று மாதம் வேறு ஆள் தேடினேன். மீட்டிங்கில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். ஒருவரிடம் போய்ப் பேசவும் செய்தேன். நல்ல மனுஷன். ஆனால் நான் எதைச் சொன்னாலும் "ஆமென்" என்றார். அது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. அதுதான் சிக்கல்.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை, லெந்து என்கிற நோன்புக் காலம் முழுக்க, சொட்டுக்கூடத் தொடமாட்டேன். மனைவிக்கும் சபைக்கும் காட்ட வருஷத்துக்கு ஒரு சர்ட்டிபிகேட்: இவன் நினைத்தால் நிறுத்துவான். ஈஸ்டர் விடியற்காலை ஆராதனையில் உயிர்த்தெழுந்தார் என்று உரக்கப் பாடிவிட்டு, 12 மணிக்கு டாஸ்மாக் ஷட்டர் ஏறும்போது முதல் ஆளாக நிற்பேன். மீட்டிங்கில் அவரவர் கதையைச் சொல்லும் ஷேரிங்கில் இதைக் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். லெந்துக் காலத்தில் நிறுத்த முடிகிறவன் முழுக் குடிகாரனா என்ன என்ற மாதிரி.

மீட்டிங் முடிந்து பேப்பர் மில்ஸ் ரோட்டில் டீ குடிக்கும்போது அண்ணன், அதாவது அந்த ஃபிட்டர், கேட்டார். "உனக்கு 40 நாளா தம்பி? எனக்கு 48." அவரும் வருஷா வருஷம் மாலை போட்டு ஒரு மண்டலம் சுத்தமாக இருந்திருக்கிறார். மலையிறங்கி சென்ட்ரலில் வந்து இறங்கி, மாலையைக் கழற்றின கையோடு கடைக்கு. "விரதம் இருக்கிறேன்னு நெனைச்சேன். இல்ல, 49ஆம் நாளுக்குக் காத்திருந்தேன்" என்றார். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தேன், குடிக்கவில்லை. நான் பக்தி என்று நினைத்ததற்குள் இருந்த தந்திரத்தை என் சபையில் ஒருவரும் இருபது வருஷமாகக் கண்டுபிடிக்கவில்லை. ஐயப்ப பக்தர் ஒருவர் ஒரு டீக்குள் கண்டுபிடித்துவிட்டார். அதே தந்திரம் அவரிடமும் இருந்ததால்.

ஒன்பதாம் படிக்கு வந்தபோது இன்னொன்று நடந்தது. யாருக்குக் கெடுதல் செய்தோமோ அவர்களிடம் போய் நேர்செய்ய வேண்டும். என் பட்டியலில் முதல் பெயர் என் மச்சான். மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டவேண்டும் என்று 40,000 ரூபாய் வாங்கி, அதைப் பாட்டில் பாட்டிலாகக் குடித்தவன் நான். அந்தப் பெயரை மட்டும் தாண்டிப் போகப் பார்த்தேன்.

"ஆண்டவர் எல்லாத்தையும் மன்னிச்சுட்டாருண்ணே. மன்னிச்சதைத் திரும்பத் தோண்டுறது விசுவாசக் குறைச்சல்."

சபைக்காரர் யாராவது எதிரே இருந்திருந்தால் இந்த வசனத்துக்குத் தலையாட்டியிருப்பார். அண்ணனுக்கு அந்தப் பாஷை தெரியாது. "ரொம்ப சந்தோஷம் தம்பி. மச்சான்கிட்ட யாரு போய்ச் சொல்றது, உங்க ஆண்டவரா, நீயா?"

மாசம் 2,000 என்று 20 மாசம் கட்டி முடித்தேன். மூன்றாவது தவணை கொடுக்கப்போன அன்றுதான் சகேயு ஞாபகம் வந்தான். ஏமாற்றி வாங்கினதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்ற ஆயக்காரன். சண்டே ஸ்கூல் நாடகத்தில் சகேயு நான்தான். பெஞ்சு மேல் ஸ்டூல் போட்டு, அதில் வேப்பிலைக் கொத்து கட்டி, காட்டத்தி மரம் என்று ஏற்றிவிட்டார்கள். மரம் ஏறினது மட்டும் நினைவில் இருந்தது. இறங்கி வந்து அவன் என்ன செய்தான் என்பதைச் சகேயு பெயரே கேள்விப்படாத ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

நான் சொல்லவருவது இதுதான். நம் விசுவாசத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளத் தெரிந்த குடிகாரனுக்கு, அந்த ஒளிவிடங்கள் பழக்கமில்லாத ஆள் நல்லது. ஜெபம் பண்ணினேன், சாட்சி சொன்னேன், அபிஷேகம் வந்தது, இதெல்லாம் அவரிடம் செல்லாது. "நல்லது. இன்னிக்கு குடிச்சியா இல்லையா?" அவ்வளவுதான் கேள்வி.

நுகத்துக்கு வருகிறேன். கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபம், ஆறாம் அதிகாரம். நம் சபைகளில் இந்த வசனம் பெரும்பாலும் கல்யாணப் பேச்சில்தான் வரும். ஸ்பான்சருக்கும் சேருமா? நுகம் என்றால் இரண்டு மாடும் ஒரே ஏரை இழுக்க வேண்டும், ஒன்று திரும்பினால் மற்றதும் திரும்ப வேண்டும். நான் அப்படிப் பூட்டப்பட்டிருந்த காலம் ஒன்று உண்டு. கையில் பாதிக் காசு இருக்கும்போது கடை வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து "கட்டிங் வர்றீங்களா" என்பார். ஒரு குவார்ட்டர், இரண்டு பிளாஸ்டிக் டம்ளர், அளவு ஒரு சொட்டு கூடக் குறைய இருக்கக் கூடாது. அந்த கட்டிங் பார்ட்னர்களில் எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தவர்கள் என்று எந்த மூப்பரும் என்னைக் கேட்டதில்லை. குடியை விடக் கைகொடுக்கிறவரிடம் மட்டும் சபை உறுப்பினர் அட்டை கேட்கிறோம்.

கிறிஸ்தவர்களுக்கென்றே ஒரு மீட்புத் திட்டம் 1991ல் கலிபோர்னியாவில் சாடில்பேக் சபையில் தொடங்கி உலகம் முழுக்கப் போயிருக்கிறது. அது சரிப்படுகிறவர்கள் அதில் போகட்டும், எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஏ.ஏ. கிறிஸ்தவத்துக்கு அந்நியம் என்று பேசுகிறவர்கள் கொஞ்சம் கதை தெரிந்து பேசலாம். 1935ல் பில் வில்சனும் டாக்டர் பாபும் தொடங்கும்போது இருவரும் ஆக்ஸ்போர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் இருந்தவர்கள். பாவ அறிக்கை, நேர்செய்தல் எல்லாம் அங்கிருந்து வந்த சரக்கு. 1939ல் ஏ.ஏ.வின் புத்தகம் அச்சாகும் நேரத்தில், கடவுள் நம்பிக்கை இல்லாத உறுப்பினர்கள் மல்லுக்கட்டியதால்தான் "நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்" என்ற சொற்றொடர் படிகளுக்குள் வந்தது. வாசல் அப்படித்தான் அகலமானது. அந்த வாசல் வழியாகத்தான் என் அண்ணன் வந்தார். அவர் வந்து உட்கார்ந்திருந்ததால்தான் எனக்கு ஆள் கிடைத்தார்.

அதே பில் வில்சனுக்கு 1940லிருந்து ஆன்மிக ஆலோசகராக இருந்தவர் எட் டௌலிங் என்ற இயேசு சபைக் குரு. குரு குடிகாரர் இல்லை, பில் கடைசிவரை கத்தோலிக்கராகவும் இல்லை. டாக்டர் பாபோ அக்ரனில் புனித தோமா மருத்துவமனையில் இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரீயோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான குடிநோயாளிகளைப் பார்த்தார். அவரும் கத்தோலிக்கர் இல்லை. கத்தோலிக்கக் கோயில் வாசலை மிதித்தால்கூட முகத்தைச் சுளிக்கும் பாட்டிகள் இருந்த சி.எஸ்.ஐ. வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது எவ்வளவு தூரம் என்று தெரியும்.

எல்லாம் சுமுகமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். முதல் வருஷம் அண்ணன் சபரிமலையிலிருந்து அரவணைப் பாயசம் டின் கொண்டுவந்தார். நான் கை நீட்டவில்லை. படைத்ததைச் சாப்பிடலாமா என்று பவுல் எழுதியதெல்லாம் மண்டைக்குள் ஓடுகிறது, வாயில் ஒரு சொல் வரவில்லை. "வேணாம்னா வேணாம் சொல்லு, அதுக்கு ஏன் முழிக்கிற? டீ சாப்டு." டின் பைக்குள் போனது. அதற்கப்புறம் அவர் கொடுத்ததும் இல்லை, அதை மனசில் வைத்துக்கொண்டதும் இல்லை. மாலை போட்டிருக்கும் நாட்களில் எல்லாரையும் போல என்னையும் "சாமி" என்பார். ஒன்பது வருஷம் ஆகியும் அதற்குக் கூச்சம் போகவில்லை.

கோயிலுக்கு வா, இந்தப் பரிகாரம் செய் என்று ஒரு ஸ்பான்சர் வற்புறுத்தினால் மாற்றிக்கொள்ளுங்கள். அதேபோல், என் சபைக்கு வா என்று வற்புறுத்துகிற கிறிஸ்தவ ஸ்பான்சரையும். ஸ்பான்சர் போதகர் இல்லை. டாக்டரும் இல்லை. வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். அங்கே உபவாச ஜெபம் மட்டும் போதாது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை சென்னை இந்திரா நகரில் இதற்கென்றே இருக்கிறது.

ஏழாவது மாசம் ஒரு ராத்திரி. வீட்டில் சண்டை, வேலையில் சண்டை, மணி 9:40. கடை மூட 20 நிமிஷம். கால் தானாக அந்தத் தெருவுக்குள் திரும்பிவிட்டது. எப்படியோ அண்ணனுக்குப் போன் அடித்தேன். "எங்க நிக்கிற?" சொன்னேன். "நில்லு. 10 மணி வரைக்கும் லைன்ல இரு. உங்க புஸ்தகத்துல மனப்பாடமா ஏதாவது தெரியுமா?"

"121ஆம் சங்கீதம்."

"எத்தனை வரி?"

"எட்டு வசனம்."

"சொல்லு."

மூடின மெடிக்கல் ஷாப் படியில் உட்கார்ந்து சொன்னேன். முடிந்ததும் "இன்னொரு தடவை" என்றார். ஐந்து தடவை சொல்லியிருப்பேன். நடுவில் ஒரு வசனம் விட்டுப்போய்விட்டது. "தம்பி, அந்த உறங்காம இருக்கிறது வரல" என்று அவர்தான் பிடித்தார். எதிர்ப்பக்கம் ஷட்டர் இறங்கும் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். "சரி, வீட்டுக்குப் போ. போய்ச் சேர்ந்ததும் மிஸ்டு கால் குடு."

திருவிருந்துக் கோப்பையில் என்ன ஊற்றுகிறார்கள் என்று முதலில் கேட்டவரும் அவர்தான். எங்கள் சபையில் புளித்த திராட்சரசம். இத்தனை வருஷமாக எனக்கே அது உறைக்கவில்லை. எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, அப்பம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதிலேயே முழுமை இருக்கிறது என்றார். கிறிஸ்மஸ் கேக்குக்கு ரம்மில் ஊறவைத்த உலர்திராட்சையை அம்மா நிறுத்தினது அடுத்த வருஷம்.

தம்பிக்கு நேற்று இதைச் சுருக்கமாகச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் போனான். ராத்திரி மெசேஜ் வந்தது: "பாய்க்குப் போன் போட்டேன்ணே. காலையில 6 மணிக்கு வரச் சொன்னாரு, ஏலம் முடிஞ்சு டீ குடிக்கலாம்னு. லேட்டா வந்தா டீ கிடையாதாம்."