எந்த பார்கோடு ஒட்டினாலும் பில் விழுமா?

"கோடு 128 (Code 128 என்ற பார்கோடு வகை) அச்சடித்து ஒட்டினால் போதும், எந்தக் கடையிலும் பில் விழும்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தயவுசெய்து நம்பாதீர்கள். அதில் ஆங்கில எழுத்து, எண் எதையும் அடக்கலாம், ஸ்கேனரும் படித்துவிடும், ஆனால் சில்லறைக் கடையின் பில் கவுன்டர் எதிர்பார்ப்பது ஜிஎஸ்1 (பொருட்களுக்கான பார்கோடு எண்களை வழங்கும் உலக அமைப்பு) வழி வந்த எண்ணை, அதாவது 13 இலக்க இஏஎன்-13 அல்லது 12 இலக்க யுபிசி-ஏ. மிகச் சின்ன பொருளுக்கு இஏஎன்-8, அட்டைப்பெட்டிக்கு ஐடிஎஃப்-14.

கடைசி இலக்கத்தையும் நம் இஷ்டத்துக்குப் போட முடியாது, மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வருவது அது. இஏஎன்-13-இல் முதல் 12 இலக்கங்கள் 590123412345 என்றால், இடமிருந்து இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றை மட்டும் கூட்டி 3 ஆல் பெருக்கி, மற்றவற்றோடு சேர்த்தால் 83 வரும், அடுத்த பத்தின் மடங்கான 90-க்கு 7 குறைகிறது, ஆக 13-வது இலக்கம் 7.

அப்புறம், வெள்ளையில் சிவப்புக் கோடு வேண்டவே வேண்டாம், ஸ்கேனரின் சிவப்பு ஒளிக்கு அது தெரியாது.